கிண்டியில் வெளிமான் குறையக் காரணம் புள்ளிமானா?

சென்னை கிண்டி தேசியப் பூங்காவில் புள்ளிமான் முட்டி விரட்டுவதால் வெளிமான் (பிளாக்பக்) குறைகிறதா என்று கேட்டிருந்தீர்கள். நேரடிச் சண்டை முக்கியக் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. திறந்த புல்வெளி சுருங்குவதைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

இந்தப் பூங்காவின் பரப்பே சுமார் 2.7 சதுர கிலோமீட்டர்தான். வெளிமானுக்குப் பெரும்பாலும் புல்தான் உணவு. ஆபத்தைத் தூரத்திலேயே பார்த்து ஓட வெட்டவெளியும் வேண்டும். முறுக்குக் கொம்புள்ள கிடா தன் புழுக்கைக் குவியல் பக்கத்தில் நின்று எல்லை காப்பதும் அந்த வெளியில்தான். புள்ளிமான் அப்படியில்லை. புல் காய்ந்தால் இலை, உதிர்ந்த பூ, பழம் என்று சமாளித்துவிடும், புதருக்குள்ளும் நிம்மதியாக இருக்கும். ஆகவே புதர் ஏற ஏற அதற்கு லாபம். மிஞ்சிய புல்லிலும் அதே கூட்டம் வந்து மேயும்போது வெளிமானுக்கு இரட்டை அடி.

பூங்காவை ஒட்டிய ஐஐடி வளாகத்தில் இருக்கிறீர்கள் என்பதால் இதைச் செய்து பாருங்கள்:

1. ஒரே புல்திட்டைக் காலையும் மாலையும் தொடர்ந்து கவனியுங்கள். எந்த இனம், எத்தனை, எவ்வளவு நேரம் மேய்கிறது என்று குறியுங்கள்.
2. மழைக்குப் பிறகும் கோடையிலும் தனித்தனியாகச் செய்யுங்கள். போட்டி இருந்தால் புல் குறைந்த கோடையில்தான் தெளிவாகத் தெரியும்.
3. பெட்டைகளோடு குட்டிகள் எத்தனை என்பதையும் எழுதுங்கள்.

ஆனால் ஒன்று. இரண்டும் ஒரே இடத்தில் மேய்வதை மட்டும் வைத்துப் போட்டி என்று முடிவு கட்டாதீர்கள். தெருநாய், பிளாஸ்டிக், சிறு கூட்டத்துக்குள்ளேயே நடக்கும் இனச்சேர்க்கை எல்லாமே வெளிமானைப் பாதிக்கக்கூடியவை. புள்ளிமானைப் பிடித்து அகற்றச் சொல்வதற்கு முன் புதரை அகற்றிப் புல்வெளியை மீட்கக் கேளுங்கள். அதைக்கூட வனத்துறைதான் செய்ய வேண்டும், நாமாக இறங்கக் கூடாது.