அரைவை மில்லுக்கு ஜெனரேட்டரோடு சோலாரை இணைக்கலாமா?

பீஞ்சமந்தை மலைப்பகுதியில் சாமை அரைவை மில் நடத்தும் வாசகர் கேட்டிருக்கிறார்: "மின்கம்பம் எங்கள் நிலத்துக்கு இன்னும் வரவில்லை. 25 கேவிஏ டீசல் ஜெனரேட்டரில்தான் மில் ஓடுகிறது. 10 ஹெச்.பி. மோட்டாரும் ஃபிரிட்ஜும் விளக்குகளும் சேர்ந்து 10 கிலோவாட் லோடு. 20 கிலோவாட் சோலாரை நேரடியாக ஜெனரேட்டரோடு இணைத்தால் டீசல் பாதியாகும், மானியமும் கிடைக்கும் என்கிறார் வேலூர் ஏஜென்ட். நம்பலாமா?"

நம்பாதீர்கள் ஐயா.

25 கேவிஏ என்றால் சுமார் 20 கிலோவாட். அதில் 30 சதவீதம், அதாவது 6 கிலோவாட்டாவது ஜெனரேட்டர் சுமக்க வேண்டும். அதற்குக் கீழே நாள் கணக்கில் ஓடினால் டீசல் முழுதாக எரியாது. என்ஜின் நன்றாக ஆறிய பிறகு சைலன்சர் இணைப்பில் விரலை வைத்துப் பாருங்கள். கறுப்பாகப் பிசுபிசுத்தால் என்ஜின் ஏற்கெனவே அந்த நிலையில்தான் இருக்கிறது.

உங்கள் லோடில் ஜெனரேட்டருக்கு 6 போனால் சோலாருக்கு மிஞ்சுவது 4 கிலோவாட். அவர் விற்கப் பார்ப்பது 20! உச்சி வெயிலில் சாமை மூட்டை மாற்ற மில்லை நிறுத்துகிறீர்கள். லோடு நொடியில் 2 கிலோவாட்டாக இறங்குகிறது. மீதி மின்சாரம் ஜெனரேட்டருக்குள் திரும்பிப் பாயும். வோல்டேஜ் ஏறி ஃபிரிட்ஜும் கெடலாம். 4 கிலோவாட் போட்டாலும் இதே ஆபத்து உண்டு. சோலாரைத் தானாகக் குறைக்கும் கட்டுப்பாட்டுக் கருவி இல்லாமல் இணைக்கவே கூடாது. விலைப்பட்டியலில் ஏஜென்டுகள் முதலில் விட்டுவிடுவது இதைத்தான்.

மானியமா? பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் அதிகபட்சம் கிடைக்கும் 78,000 ரூபாய், மின்வாரிய இணைப்புள்ள வீடுகளுக்கு. மில்லுக்குக் கிடையாது. கம்பி எட்டிய வீட்டுக்கு உதவி, கம்பி எட்டாமல் டீசல் எரிப்பவனுக்கு ஒன்றுமில்லை என்பது எந்த ஊர் நியாயம்? இதைக் கேட்க மலையிலிருந்து இறங்கி வருபவரை மேஜை மேஜையாக அலைய விடுகிறார்கள். அந்த அலைச்சல்தான் ஏஜென்டுக்கு முதலீடு.

உங்களுக்குப் பொருந்துவது பேட்டரியுடன் கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர், அதாவது சோலார், பேட்டரி, ஜெனரேட்டர் மூன்றையும் சேர்த்து நடத்தும் கருவி. பகலில் ஜெனரேட்டரை நிறுத்திவிடலாம். மழைக்காலத்தில் மட்டும் சில மணி நேரம் நல்ல லோடில் ஓட்டிப் பேட்டரியை ஏற்றுங்கள். மில் மோட்டார் நேரடியாகக் கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். மோட்டாரை மெதுவாகக் கிளப்பும் விஎஃப்டி டிரைவ் அவசியம்.

கிணற்று மோட்டார் இருந்தால் அது மட்டும் விதிவிலக்கு. அதை இதில் சேர்க்காதீர்கள். அதற்குப் பேட்டரியும் வேண்டாம், ஜெனரேட்டரும் வேண்டாம். தனி பேனல், தனி கண்ட்ரோலர் போதும். வெயில் இருக்கும்போது தொட்டி நிரம்பும். மேகம் வந்தால் நீர் குறைவாக வரும், அவ்வளவுதான். தொட்டி நீரே உங்கள் சேமிப்பு. விவசாயத்துக்கான சோலார் பம்புக்கு மானியமும் உண்டு. வேளாண்மைப் பொறியியல் துறையில் நீங்களே நேரில் விண்ணப்பியுங்கள், இடையில் யாரும் வேண்டாம்.

முதலில் எலக்ட்ரீஷியனிடம் கம்பியைக் கவ்வி மின்னோட்டம் அளக்கும் டாங் டெஸ்டர் வாங்கி, ஒரு வாரம் மணிக்கு மணி லோடைக் குறித்துவையுங்கள். அந்தத் தாளைப் பார்க்காமல் விலை சொல்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.