வாய்க்காலின் பேர் என்ன?

அன்புள்ள ஐயா,

பாட்டியின் டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய புகைப்படம் கிடைத்தது. கும்பகோணத்தில் எங்கள் தெருதான் என்கிறார் பெரியப்பா. திண்ணை வைத்த ஓட்டு வீடுகள், எதிரே தண்ணீர் ஓடும் ஒரு வாய்க்கால், தூரத்தில் கோபுரம். இப்போது அங்கே வாய்க்காலே கிடையாது, சிமெண்ட் ரோடுதான். படம் எந்த ஆண்டு எடுத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வண்ணம் ஏற்ற நல்ல செயலி ஒன்று சொல்லுங்கள். லேமினேட் செய்து, பெரியப்பாவின் எண்பதாவது பிறந்தநாளுக்குக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

லேமினேஷன் கடைப் பக்கமே போகாதீர்கள். சூட்டில் உருகிய பசை படத்தில் ஒட்டிவிட்டால் பிறகு எவராலும் பிரிக்க முடியாது. 600 டிபிஐயில் முன்புறம், பின்புறம் இரண்டையும் ஸ்கேன் செய்து, பிரதி போட்டுச் சட்டம் கட்டிக் கொடுங்கள். பிள்ளையாக ஓடித் திரிந்த தெருவை எண்பது வயதில் பார்க்கப்போகிறார். அதற்குச் சாயம் எதற்கு? அந்தக் காலத்துப் புகைப்படத் தகடுகள் பலவற்றில் சிவப்பு கிட்டத்தட்டக் கறுப்பாகத்தான் பதியும். கோயில் மதிலின் காவிப் பட்டையைச் செயலி கரிப்பட்டை ஆக்கிவிடும். வேண்டாம்.

ஆண்டு கேட்டீர்கள். மின்கம்பம், சுவரொட்டி, அட்டையில் ஸ்டூடியோ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நிழலையும் பாருங்கள். நம் பக்கத்தில் சித்திரைத் தொடக்கத்திலிருந்து ஆவணித் தொடக்கம் வரை உச்சிவேளை நிழல் தெற்கே விழும். அப்படி விழுந்து, வாய்க்காலில் தண்ணீரும் ஓடினால் அநேகமாக ஆனி, ஆடி. 1934-ல் மேட்டூர் அணை வந்தபின் ஜூன் 12-ல் பாசனத்துக்குத் தண்ணீர் திறந்து ஜனவரி 28-ல் மூடுவதுதானே வழக்கம். இது மாதத்தைத்தான் சொல்லும். ஆண்டு கிடைக்காவிட்டாலும் குடி முழுகிவிடாது.

‘இப்போது அங்கே வாய்க்காலே கிடையாது.’ இதை எப்படி இத்தனை சாதாரணமாக எழுத முடிந்தது? இந்த வாரம் முழுக்க மனதில் ஓடிக்கொண்டிருந்ததே இதுதான். பழைய படம் கையில் கிடைத்தால் எல்லாரும் திண்ணையையும் தூணையும் பார்த்து உருகுகிறார்கள். காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிற ஊர் உங்களுடையது. வீடு இரண்டு தலைமுறையில் மாறும். வாய்க்கால்தான் அதற்கு முன்பே அங்கே இருந்தது, குளத்தை நிரப்பியது. மூடிவிட்டாலும் அதன் எல்லை காகிதத்தில் அழியாமல் இருக்கும். அதைத் தேடுங்கள்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்திலோ, சேப்பாக்கம் நில அளவை அலுவலகத்திலோ பழைய கிராம வரைபடத்தைக் கேளுங்கள். மைலுக்கு 16 அங்குலம் என்ற அளவில் வரைந்தது அது. அதாவது அங்குலத்துக்கு 330 அடி. பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான்: இன்றைய டி.எஸ். எண்ணை, அதாவது நகர அளவை எண்ணை வைத்துக்கொண்டு அதில் தேடுவார்கள், கிடைக்காது. நகர அளவையில் பழைய சர்வே எண்கள் வார்டு, பிளாக், டி.எஸ். எண் என்று மாறிவிட்டன. இரண்டையும் இணைக்கும் ஒப்பீட்டுப் பட்டியலை முதலில் வாங்குங்கள். பழைய எண் தெரிந்ததும், ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன நிலம் என்று சொல்லும் ‘அ’ பதிவேட்டில் அந்த எண்ணையும் அக்கம்பக்கத்து எண்களையும் பாருங்கள். ‘வாய்க்கால் புறம்போக்கு’ என்று ஒரு வரி இருந்தால், உங்கள் சிமெண்ட் ரோட்டுக்கு அடியில் இருப்பது அதுதான்.

அடுத்து எஃப்.எம்.பி. படம், அதாவது ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் அளவு குறித்த புலப்படம். பழைய படங்களில் அளவு லிங்க்கில், அதாவது நில அளவைச் சங்கிலியின் கண்ணிக் கணக்கில் இருக்கும். 100 லிங்க் 66 அடி. வாய்க்காலின் அகலம் 15 லிங்க் என்றிருந்தால் பத்தடிக்கு ஒரு மயிரிழை குறைவு. பிற்காலப் படங்களில் மீட்டர். ஓரத்தில் எந்த அளவு என்று பார்க்காமல் டேப்பைப் பிடித்தால் அடுத்தவர் வீட்டு வாசலில் போய் நிற்பீர்கள்.

வரைபடத்தை க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்தும்போது, இரண்டிலும் தெரிகிற ஆறேழு இடங்களிலாவது புள்ளி வையுங்கள், நாலு மூலையிலும் பரவலாக. குளத்தின் படிக்கட்டு மூலை, கோபுரம், மதில் திருப்பம் இவையெல்லாம் அசையாதவை. ஆற்றங்கரையில் மட்டும் புள்ளி வைக்காதீர்கள், கரை அரித்து நகர்ந்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் விலகினால் குற்றம் காகித மடிப்பில். மடிப்பை நீவித் தட்டையாக ஸ்கேன் செய்யாமல் போனில் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு ‘பொருந்தவில்லை’ என்று எனக்கு எழுதாதீர்கள்.

ஐப்பசியில் மழை வலுக்கும் ஒருநாள் அந்தத் தெருவில் குடையோடு நில்லுங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, யார் வாசலில் தேங்குகிறது என்று குறித்து, வரைபடத்தின் கோட்டோடு வைத்துப் பாருங்கள்.

பெரியப்பாவிடம் ஆண்டைக் கேட்டுக் குடையாதீர்கள். அந்த வாய்க்காலுக்கு என்ன பேர், எந்தக் குளத்தில் போய் விழுந்தது என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.