மினி பிசியில் லினக்ஸ் பாட்டு: முன்பணம் கொடுக்காதீர்கள், பென் டிரைவோடு கடைக்குப் போங்கள்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். பல வருடமாகச் சேர்த்த கர்நாடக இசை, பழைய சினிமாப் பாட்டு சிடிக்களை எல்லாம் ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கிய) கோப்புகளாக மாற்றி, 2 டெராபைட் வெளி ஹார்ட் டிஸ்கில் வைத்திருக்கிறேன். யுஎஸ்பி டிஏசியும் ஆம்ப்ளிஃபயரும் உண்டு. புதுச்சேரியில் ஒருவர் சிறப்பு லினக்ஸ் (விண்டோஸ் போல ஓர் இயங்குதளம், ஆனால் இலவசம்) போட்ட 'மியூசிக் சர்வர்' 38,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்லி 5,000 முன்பணம் கேட்கிறார். இணையத்தில் 12,000 ரூபாய்க்கே மினி பிசி கிடைக்கிறது. விலை குறைந்த பெட்டியில் ஒலியின் தரம் குறையுமா? எந்த மென்பொருளை, எப்படிச் சோதித்துப் பார்ப்பது? எனக்குக் கணினி ஓரளவுதான் தெரியும்.

பதில்: முதலில், அந்த முன்பணத்தைக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஒலியின் தரம் குறையாது. உங்களிடம் தனி டிஏசி இருக்கிறது. எண்களை ஒலியாக மாற்றுவது அதன் வேலை. கணினி செய்வதெல்லாம் கோப்பைப் படித்து, விரித்து, யுஎஸ்பி வழியாக எண்களைத் தள்ளிவிடுவதுதான். சிடி தரத்தில் அது நொடிக்கு 1.4 மெகாபிட். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பானாலும் 9 மெகாபிட் சொச்சம். சாதாரண யுஎஸ்பி 2.0 துளையின் வேகமே 480 மெகாபிட். 12,000 ரூபாய்ப் பெட்டிகளில் இப்போது அதிகம் வரும் இன்டெல் என்100 சிப், 6 வாட்டில் ஓடக்கூடியது, ஃபிளாக் பாடும்போது பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கும். பத்து வருடப் பழைய ஆபீஸ் கணினிக்குக்கூட இது ஒரு வேலையே இல்லை.

அப்படியானால் 38,000 ரூபாய் எதற்கு? இந்த மாதிரி 'மியூசிக் சர்வர்' என்று விற்பவற்றில் நான் திறந்து பார்த்தவை பெரும்பாலும் அதே என்100 போர்டுதான். மேலே கனமான அலுமினிய உறை, உள்ளே யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய மென்பொருள், முதல் திரையில் மட்டும் விற்பவரின் சின்னம். உங்களிடம் கேட்டவரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். இதன் அடியில் இருப்பது எந்த மென்பொருள்? நாளை புதுப் பதிப்பு வந்தால் நானே போட்டுக்கொள்ளலாமா? நிர்வாகி கடவுச்சொல்லைக் கொடுப்பீர்களா? மூன்றாவதுக்கு "அதெல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் சார்" என்று பதில் வந்தால் விலகிவிடுங்கள். அவர் தொழிலை விட்டுப் போகும் நாளில் உங்கள் பெட்டி பூட்டிய வீடாகிவிடும்.

சரி, மென்பொருள். இருபது பெயர் சொல்லிக் குழப்ப விரும்பவில்லை. உங்கள் தேவைக்கு வொலுமியோ, டாஃபைல் என்ற இரண்டு போதும். இரண்டுமே மினி பிசியில் ஓடும், இரண்டையும் செல்போன் பிரவுசரிலிருந்தே இயக்கலாம், திரையோ விசைப்பலகையோ தேவையில்லை. வொலுமியோவில் சில வசதிகளுக்குக் கட்டணம் உண்டு, உங்கள் டிஸ்கிலிருந்து பாட்டுக் கேட்க அந்தக் கட்டணம் தேவையில்லை. டாஃபைல் இலவசம், பார்க்கக் கொஞ்சம் பழைய பாணி, ஆனால் சிடியை ஃபிளாக்காக மாற்றும் வசதியும் அதிலேயே உண்டு. எனக்கு டாஃபைல் பிடிக்கும். வீட்டில் மற்றவர்களும் தொடுவார்கள் என்றால் வொலுமியோ சுலபம்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. மூட், பைகோர்பிளேயர், ரோப்பீ ஆகியவற்றை யாராவது புகழ்ந்து சொல்வார்கள். நல்ல மென்பொருள்கள்தான், ஆனால் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிப் போர்டுக்காகவே செய்தவை. இன்டெல் மினி பிசியில் அவற்றின் படிமம் (பென் டிரைவில் எழுதிக் கிளப்பும் கோப்பு) கிளம்பவே கிளம்பாது. "உங்கள் பெட்டியில் கோளாறு" என்று சொல்லி அதற்கும் சர்வீஸ் காசு வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

எதையும் வாங்குவதற்கு முன், வீட்டில் பழைய லேப்டாப் இருந்தால் அதிலேயே சோதித்துவிடுங்கள். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று, படிமத்தை அதில் எழுத எட்சர் என்ற இலவச நிரல், இறக்கிய படிமம், இவ்வளவுதான் வேண்டும். பென் டிரைவிலிருந்து கிளப்பினால் லேப்டாப்பின் டிஸ்கில் கை படாது. பயாஸில் (கணினி கிளம்பும்போதே ஓடும் அடிப்படை அமைப்பு நிரல்) செக்யூர் பூட் என்பதை மட்டும் அணைக்க வேண்டியிருக்கும். சில லேப்டாப்களில் அப்படி அணைத்ததும் விண்டோஸ், டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் சாவியைக் கேட்கும். அதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் 'டிஸ்கில் நிறுவு' என்று ஒரு பொத்தான் இருக்கும். சோதனையின்போது அதைத் தொடவே தொடாதீர்கள். அந்த டிஸ்கில் இருப்பதெல்லாம் போய்விடும்.

இப்போது டிஏசியை இணைத்து, ஒலி வெளியீடாக அதைத் தேர்ந்தெடுத்து, சிடியிலிருந்து எடுத்த ஒரு பாட்டைப் போடுங்கள். டிஏசியின் முகப்பைப் பாருங்கள். 44.1 (சிடியின் கிலோஹெர்ட்ஸ் அளவு) என்று காட்ட வேண்டும். திரை இல்லாத டிஏசிகள் சிலவற்றில் விளக்கின் நிறம் மாறும், எந்த நிறத்துக்கு எந்த எண் என்று கையேட்டில் இருக்கும். 48 என்று காட்டினால் நடுவில் ஏதோ ஒன்று உங்கள் பாட்டின் எண்களை மாற்றி எழுதுகிறது என்று பொருள். உபுண்டு போன்ற பொது லினக்ஸில் பாட்டு கேட்டால் இப்படித்தான் ஆகும், ஏனென்றால் அங்கே எல்லா ஒலியும் பைப்வயர் என்ற கலவை வழியாகப் போகிறது, அதன் இயல்பு அளவு 48. காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் 'சிறப்பு லினக்ஸ்' என்று ஆயிரக்கணக்கில் காசு கேட்கும் பெட்டி 48 காட்டினால், அதில் சிறப்பு ஒன்றும் இல்லை என்று அங்கேயே தெரிந்துபோகும். அந்த வியாபாரியின் பெட்டியிலும் இதே சோதனையைச் செய்யச் சொல்லுங்கள்.

அடுத்து கச்சேரி சிடி. ராகம், தானம், பல்லவியைத் தனித்தனி டிராக்காகப் பிரித்திருப்பார்கள், தம்புராவோ கைதட்டலோ இடைவிடாமல் ஓடும். ராகம் முடிந்து தானம் தொடங்கும் இடத்தில் தம்புரா அறுபடாமல் போகிறதா என்று கேளுங்கள். ஒரு நொடி மௌனமோ 'டிக்' சத்தமோ வந்தால் இடைவெளியின்றி இசைக்கும் அமைப்பு சரியில்லை. விற்பவர்கள் காட்டும் செயல்விளக்கத்தில் இது வெளியே வராது. அவர்கள் எப்போதும் தனிப் பாட்டைத்தான் போட்டுக் காட்டுவார்கள்.

தமிழ்ப் பெயர்களையும் பார்த்துவிடுங்கள். ஃபிளாக் கோப்பின் குறிப்புகள் யூனிகோடில் எழுதப்பட வேண்டும் என்பது அந்த வடிவத்தின் விதி, அதனால் பெரும்பாலும் பிரச்சினை வராது. 2000 வாக்கில் சேர்த்த எம்பி3க்கள்தான் தொல்லை. டிஸ்கி, டாப் போன்ற பழைய குறியாக்கத்தில் எழுதிய பெயர்கள் புரியாத ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும். அது பிளேயரின் குற்றம் அல்ல. பிக்கார்ட் என்ற இலவச நிரலில் திருத்திக்கொள்ளலாம்.

ஹார்ட் டிஸ்க் தெரியவே இல்லையா? பயப்படாதீர்கள். விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி டிஸ்கைப் பாதி மூடிய நிலையில் விட்டுவிடும், லினக்ஸ் அதைத் தொட மறுக்கும். விண்டோஸில் அந்த வசதியை அணைத்து, டிஸ்கை முறையாகக் கழற்றி, மறுபடி மாட்டுங்கள். "டிஸ்க் போச்சு, டேட்டா மீட்க 6,000 ஆகும்" என்று சொல்பவரிடம் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள்.

இதெல்லாம் சரியாக வந்தால் மென்பொருள் தேர்வு முடிந்தது. இனி பெட்டி. என் விருப்பம், பெயர் தெரியாத புதிய பெட்டியைவிட, கம்பெனிகளில் ஓடிவிட்டு விற்பனைக்கு வரும் லெனோவோ, டெல், எச்பி சிறு கணினிகள். சென்னை ரிச்சி தெருவரை போக வேண்டாம், கடலூரிலும் புதுச்சேரியிலும் பழுதுபார்த்து விற்பவர்கள் இருக்கிறார்கள். கையில் உங்கள் பென் டிரைவ், டிஏசி, ஹார்ட் டிஸ்க், ஒரு ஹெட்போன். கடையிலேயே இணைத்து, பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு, பிறகு காசு. இதற்கு மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

அங்கே முக்கியமாகப் பார்க்க வேண்டியது பயாஸ் பூட்டு. கம்பெனிக் கணினிகளில் கடவுச்சொல் போட்டே வைத்திருப்பார்கள், விற்பவருக்கே அது தெரியாது. விண்டோஸ் அழகாக ஓடும், ஆனால் பென் டிரைவிலிருந்து கிளப்ப விடாது. பயாஸுக்குள் நுழைந்து காட்டச் சொல்லுங்கள். "வீட்டுக்குப் போய் போன் பண்ணுங்க, சொல்றேன்" என்றால் பூட்டு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

விலையைப் பார்த்து மயங்க வைக்கும் ஒரு வகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஐயாயிரத்துக்கும் குறைவாக, உள்ளங்கை அளவில், ஆட்டம் இசட்3735எஃப் அல்லது எக்ஸ்5-இசட்8350 சிப்போடு பழைய பெட்டிகள் கிடைக்கும். சிப் 64 பிட். ஆனால் முதல் வகையில் பல பெட்டிகளின் பயாஸ் 32 பிட்டில் இருக்கும். அதனால் பெரும்பாலான லினக்ஸ் பென் டிரைவ்களை அந்தப் பெட்டி கண்டுகொள்ளாது. பென் டிரைவ் கெட்டுவிட்டது என்று நினைத்து நீங்கள் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டே இருப்பீர்கள். டெபியன் மாதிரி ஒரு சில லினக்ஸ் வகைகள் மட்டும் இந்தப் பொருத்தமின்மையைக் கவனித்து வழி வைத்திருக்கின்றன. இரண்டாவது வகையில் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் இரண்டிலும் ஹெட்போன் துளை வழக்கமான இன்டெல் ஒலி வழியில் இல்லாமல் தனி வழியில் போகிறது, லினக்ஸில் அது ஊமையாக இருக்க வாய்ப்பு உண்டு. நினைவகமும் சேமிப்பும் போர்டிலேயே ஒட்டியவை, 2 ஜிபி என்றால் கடைசிவரை 2 ஜிபிதான். இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: யுஎஸ்பி டிஏசிக்கு அந்த ஹெட்போன் துளை தேவையே இல்லை. எனவே உறவினர் யாராவது சும்மா கொடுத்த பெட்டி, பென் டிரைவிலிருந்து கிளம்பியும் விடுகிறது என்றால், தாராளமாகப் பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்காதீர்கள்.

"பாண்டியில் வரி குறைவு சார்" என்ற பேச்சு இன்னும் ஓடுகிறது. அது வாட் காலத்து நினைப்பு. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு கடலூரிலும் புதுச்சேரியிலும் கணினிக்கு ஒரே 18 சதவீதம்தான். குறைவாகக் கிடைத்தால் பில் இல்லாமல் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். பில் இல்லையென்றால் உத்தரவாதமும் இல்லை.

இன்னொரு சாக்கு, "இறக்குமதிக்குத் தடை, அதனால்தான் இந்த விலை." 2023 ஆகஸ்டில் லேப்டாப், டேப்லெட்டோடு மிகச் சிறிய கணினிகளின் இறக்குமதிக்கும் உரிமம் வேண்டும் என்று அரசு திடீரென அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அமலைத் தள்ளிவைத்து, நவம்பர் 1 முதல் இணையவழி அனுமதி என்று மாற்றினார்கள். சொந்த உபயோகத்துக்குக் கூரியரில் ஒன்று வரவழைத்தால் உரிமம் வேண்டாம், சுங்க வரி மட்டும் கட்ட வேண்டும் என்ற விலக்கு அந்த அறிவிப்பிலேயே இருந்தது. அதைச் சாதாரண மனிதருக்குப் புரியும்படி தமிழில் நாலு வரி எழுதிப் போட ஒரு துறையும் முன்வரவில்லை. தெளிவில்லாத இடத்தில்தான் இடைத்தரகர் கடை விரிக்கிறார். பெட்டியின் மீதும் அடாப்டரின் மீதும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையோடு ஆர் என்று தொடங்கும் எண் இருக்கிறதா என்று பாருங்கள். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய பதிவு என்று தெரியும். அடாப்டரில் எண் இல்லாவிட்டால் வேண்டாம்.

வாங்கி வந்ததும் மாற்றிக்கொள்ளும் கெடுவுக்குள், டிஏசி, ஹார்ட் டிஸ்க் இரண்டையும் இணைத்து ஒரு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். இடையில் 'பட் பட்' என்று சத்தமோ, டிஸ்க் காணாமல் போவதோ நடந்தால் யுஎஸ்பி துளை போதிய மின்சாரம் தரவில்லை என்று சந்தேகப்படுங்கள். தனி மின் இணைப்புள்ள ஹப் போட்டுப் பாருங்கள், அதற்கும் அடங்காவிட்டால் திருப்பிக் கொடுங்கள். முதலில் லேன் கேபிளிலேயே இணையுங்கள், மலிவுப் பெட்டிகளில் வைஃபை சிப்புக்கு லினக்ஸ் டிரைவர் இல்லாமல் போவது சகஜம். நம் ஊர் கரண்டுக்குப் பயாஸில் ஒரு அமைப்பு அவசியம்: மின்சாரம் போய்த் திரும்பியதும் தானே கிளம்பும்படி மாற்றி வையுங்கள். தேவனாம்பட்டினம் பக்கத்து உப்புக் காற்று மஞ்சக்குப்பம்வரை வரும், பெட்டியை ஜன்னலோரம் வைக்காதீர்கள். மூடிய அலமாரிக்குள்ளும் வேண்டாம், மே மாதத்தில் வெந்துவிடும்.

நீங்கள் இந்தப் பதிலைப் பார்ப்பதற்குள் முன்பணம் கொடுத்திருந்தால், திருப்பிக் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே அனுப்புங்கள். தராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்றவர் புதுச்சேரிக்காரராக இருந்தாலும் நீங்கள் வசிக்கும் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. வாய்தாக்கள் இழுக்கும், அதற்குத் தயாராக இருங்கள். பணம் அனுப்பிய ரசீதையும் அவரோடு பேசிய செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள்.