கேஸ் சிலிண்டர் போட வருபவர் கேட்கும் கூடுதல் பணத்தைக் கொடுக்க மறுத்தால் அது கஞ்சத்தனமா?

இல்லவே இல்லை. உங்கள் வீட்டிலேயே யாரோ உங்களை அப்படிச் சொல்லியிருப்பார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் கிடைத்த பட்டம்தான் அது.

பில்லில் உள்ள விலையிலேயே டெலிவரி கட்டணமும் அடக்கம். நீங்களே குடோனுக்குப் போய் எடுத்து வந்தால் அதைக் கழித்துக்கொண்டுதான் வாங்க வேண்டும். அப்படியிருக்க வாசலில் மறுபடி எதற்குக் கொடுப்பது?

"பாவம், மாடி ஏறிச் சுமக்கிறார், ஐம்பது ரூபாயில் என்ன வந்துவிடப் போகிறது" என்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு நானாகவே கொடுக்கிறேன். வெயிலில் வந்தால் மோர் கொடுக்கிறேன். ஆனால் கொடுக்காவிட்டால் அடுத்த சிலிண்டர் தாமதமாகுமோ என்று பயந்து கொடுக்கிறோமே, அதற்குப் பெயர் தாராள மனசு இல்லை.

எங்கள் வீடு இரண்டாவது மாடி. போன வருஷம் வந்தவர் பில்லை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, எழுபது ரூபாய் சேர்த்து ஒரு தொகை சொன்னார். பில்லைக் கொடுங்கள் என்றேன். "எல்லா வீட்லயும் குடுக்குறாங்கம்மா" என்றார். சரி, எடை போட்டுக் காட்டுங்கள் என்றேன். அதுவும் நம் உரிமைதான், டெலிவரிக்கு வருபவர் தராசு கொண்டுவர வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே கீழே போய் வண்டியிலிருந்து எடுத்து வந்தார்.

சிலிண்டரின் மேல் வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றில் காலி சிலிண்டரின் எடை இருக்கும். அன்று வந்ததில் 15.6 கிலோ. கேஸ் 14.2 கிலோ சேர்ந்தால் 29.8 காட்ட வேண்டும், காட்டியது. எடை சரியாக இருக்கிறது என்று அவரிடமே சொல்லி, பில் தொகையை எண்ணிக் கொடுத்தேன். பேசாமல் வாங்கிக்கொண்டு போனார். என் கணவருக்குத்தான் முகம் செத்துவிட்டது, அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்களோ என்று. அன்று சாயங்காலமே எதிர்வீட்டு அக்கா வந்து, அந்த எடை எங்கே எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனார்!

என் கோபம் சுமந்து வந்தவர் மேல் இல்லை. டெலிவரிக்கென்று நாம் கொடுப்பது ஏஜென்சிக்குத்தான் போகிறது. சுமப்பவருக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுக்காமல் வாசலில் வசூல் பண்ணிக்கொள்ள விட்டால் அது யார் தப்பு? அதனால் 1800 2333 555 என்ற இலவச எண்ணில் ஏஜென்சி மேல்தான் புகார் கொடுத்தேன். கன்ஸ்யூமர் நம்பர், தேதி, கேட்ட தொகை, இவ்வளவுதான் சொன்னேன். ஏஜென்சியிலிருந்து கூப்பிட்டுச் சமாதானமாகப் பேசினார்கள். அப்புறம் எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. மற்ற பொருட்களுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் கால் கிலோ உளுந்து வாங்கினாலும் போன் நம்பர் கேட்கிறார்களே, அது எதற்கு? நம்பர் கேட்டுக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. கொடுத்தால் மறுநாளே ஆஃபர் மெசேஜ் வர ஆரம்பிக்கும், ஆஃபரைப் பார்த்தால் வேண்டாததையும் வாங்கத் தோன்றும். நான் கொடுப்பதில்லை. வரிசையில் பின்னால் நிற்பவர்கள் உச்சுக் கொட்டினாலும் சரி, பில் கைக்கு வரும்வரை நகர மாட்டேன்.