சித்தப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்: மகனுக்கு மரபணுச் சோதனை வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது. பத்துப் பன்னிரண்டு சொற்கள்தான் பேசுகிறான். கணவரின் தம்பியும் நான்கு வயதில்தான் பேசினாராம். 'குடும்பவாகு' என்கிறார் மாமியார். வீட்டில் தமிழும் மலையாளமும் புழங்குகின்றன. மூளை ஸ்கேனும் மரபணுச் சோதனையும் எடுக்கலாமா? (ஒரு தாய், களியக்காவிளை)

பதில்: உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பேச்சுத் தாமதம் சில குடும்பங்களில் தொடர்ந்து வருவதுண்டு. லண்டனில் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வாயசைவுகளை வரிசையாகக் கோப்பதே கடினமாக இருந்தது. ஏழாவது குரோமோசோமில் உள்ள ஃபாக்ஸ்பி2 என்ற மரபணுவின் குறியீட்டில் நேர்ந்த ஒரேயோர் எழுத்து மாற்றமே அதற்குக் காரணம் என்று 2001இல் கண்டறிந்தார்கள். அதை 'மொழி மரபணு' என்று கொண்டாடியது மிகை. எலிக்கும் சிம்பன்ஸிக்கும்கூட அம்மரபணு உண்டு. அத்தகைய குடும்பங்கள் மிக அரிது. பெரும்பாலான குழந்தைகளிடம் பல மரபணுக்கள் ஒவ்வொன்றும் சிறிதளவே பங்களிப்பதால், மரபணுச் சோதனையை முதல் படியாக நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஸ்கேனும் அப்படியே. பெரும்பாலோருக்கு இடது மூளையில் அமைந்த, மருத்துவர்கள் புரோக்கா 1861இலும் வெர்னிக்கே 1874இலும் சுட்டிய பேச்சு, மொழிப் பகுதிகளை இணைக்கும் வில் வடிவ நரம்புக் கற்றை, பிள்ளைப் பருவம் முழுவதும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. பேச்சு மட்டும் தாமதமான குழந்தையின் படம் பெரும்பாலும் இயல்பாகவே தெரியும். அதற்காக மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருப்பதுதான் மிச்சம்.

முதலில் செவித்திறனைச் சோதியுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவை அணுகலாம். 'கதவைச் சாத்தினால் திரும்பிப் பார்க்கிறானே' என்று விட்டுவிட வேண்டாம். கதவின் கனத்த ஓசை கேட்கும் காதுக்கு 'ச', 'த' போன்ற மெல்லிய ஒலிகள் எட்டாமல் போகலாம். அடிக்கடி சளி பிடித்துக் காதினுள் நீர் தேங்கினாலும் கேட்கும் திறன் குறையும்.

இரண்டு மொழிகள் தாமதத்துக்குக் காரணமல்ல. உங்களிடம் 'தண்ணி' என்றும் பாட்டியிடம் மலையாளத்தில் 'வெள்ளம்' என்றும் கேட்கிறானென்றால் அவை இரண்டு சொற்கள். இரு மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ணுங்கள். இரண்டு வயதில் ஐம்பது சொற்களும் 'அம்மா வா' போன்ற இருசொல் தொடர்களும் இல்லையென்றால் பேச்சு மருத்துவரைப் பார்ப்பது வழக்கம். உங்கள் மகன் அந்த வயதைக் கடந்தும் அந்த அளவை எட்டாததால், நான்கு வயதுவரை பொறுத்திருக்க வேண்டாம். நாக்கில் வசம்பு தடவுவதால் பேச்சு வந்துவிடாது.

பேசிய சொற்களை இழந்தாலோ, பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாவிட்டாலோ, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டாவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ குழந்தை மருத்துவரை உடனே பாருங்கள். ஸ்கேனும் மரபணுச் சோதனையும் தேவையா என்பதை அப்போது அவர் முடிவு செய்வார்.