வெவ்வேறு மதத்தார் சேர்ந்து போராடி எந்தச் சட்டமாவது மாறியிருக்கிறதா?

மாறியிருக்கிறது. 1965இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள செல்மா நகரைப் பாருங்கள். மார்ச் 7 அன்று வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பின மக்களை அலபாமா போலீஸ் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் விரட்டியது. மார்ட்டின் லூதர் கிங் உடனே நாடெங்கும் மதகுருமார்களுக்குத் தந்தியடிக்க, பாதிரியார்கள், கன்னியாஸ்திரிகள், யூத ரபிகள் என்று நூற்றுக்கணக்கில் கிளம்பி வந்துவிட்டார்கள். சும்மா போட்டோவுக்கு நின்றவர்கள் இல்லை: பாஸ்டனிலிருந்து வந்த வெள்ளைக்காரப் போதகர் ஜேம்ஸ் ரீப் 9ஆம் தேதி தெருவில் தாக்கப்பட்டு, இரண்டே நாளில் இறந்துபோனார். 21ஆம் தேதி மீண்டும் கிளம்பிய ஊர்வலத்தின் முன்வரிசையில், ஹவாய்ப் பூமாலை கழுத்தில் தொங்க, வெண்தாடி ரபி ஆபிரகாம் ஹெஷல் நடந்தார். ஆகஸ்ட் 6இல் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது.

ஆனால் ஒன்று, பிப்ரவரியில் ஜிம்மி லீ ஜாக்சன் என்ற கறுப்பின இளைஞரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது நாடு இவ்வளவு கொதிக்கவில்லை.