ஸ்கில்லா காட்சியில் எத்தனை கப்பல்?
பள்ளி நாடகத்தில் 12 கப்பல்களோடு வந்து, ஹோமரின் ஒடிசி காவிய நாயகன் ஒடிசியஸ், 6 தலைக் கடல் அரக்கி ஸ்கில்லாவுடன் வாள்சண்டை போடுகிறான், ஆனால் காட்சி ஒட்டவில்லை என்று கேட்டிருந்தீர்கள். ஒரே கப்பல் வையுங்கள். மற்ற 11-ம் அதற்கு முன்பே, லைஸ்ட்ரிகோனியர் என்ற மனிதரைத் தின்னும் ராட்சதர்களின் துறைமுகத்திலேயே நொறுங்கிவிட்டன.

சண்டையும் வேண்டாம். நின்று போரிட்டால் அது மறுபடி பாய்ந்து இன்னும் 6 பேரைத் தூக்கும், துடுப்பை வலித்துக் கடந்துவிடு என்றுதான் மந்திரக்காரி சிர்சி அவனை எச்சரித்தாள். அவனோ அதை மறந்து, கவசம் பூட்டி 2 ஈட்டிகளோடு கப்பலின் முன்முனையில் நிற்கிறான். பயந்து துடுப்பை விட்டுவிடுவார்கள் என்று ஆட்களிடம் ஸ்கில்லாவைப் பற்றி மூச்சே விடவில்லை.

எல்லார் கண்ணும் எதிரே கடலை உறிஞ்சும் கரிப்டிஸ் என்ற சுழல் மேல். அப்போதுதான் ஸ்கில்லாவின் 6 தலைகளும் இறங்கி 6 பேரைத் தூக்குகின்றன. அவன் திரும்பினால் மேலே கைகால்கள் துடிக்கின்றன, அவன் பெயரைச் சொல்லி அலறுகிறார்கள். அங்கே கொஞ்சம் நிறுத்துங்கள், அதுதான் காட்சியின் உயிர்.

கரிப்டிஸுக்கு மேலே உள்ள அத்திமரத்தில் அவன் தொங்குவது இந்தக் காட்சியில் வராது. அது பிறகு தனியாகத் திரும்பி வரும்போது.